குவியல் பெரிதானால் துணிச்சலும் பெரிதாகுமா?

1994ஆம் ஆண்டு தீபாவளி. நான் தில்லிக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நமக்கெல்லாம் தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியல், லேகியம், புதுத்துணி, பட்டாசு. காலை பத்து மணிக்குள் பாதிப் பண்டிகை முடிந்துவிடும். வடக்கே அப்படியில்லை. அவர்களுக்குத் தீபாவளி தொடங்குவதே இரவில்தான். லட்சுமி பூஜை முடிந்ததும் பல வீடுகளில் சீட்டுக்கட்டை எடுத்துவிடுவார்கள். அன்றிரவு சீட்டாடுவது அதிர்ஷ்டம் என்பது அவர்கள் நம்பிக்கை.

எங்கள் கீழ் வீட்டில் இருந்தவர் ஜவுளி வியாபாரி. காலனி முழுவதும் அவரை லாலாஜி என்றே அழைக்கும். நல்ல மனிதர். எங்களையும் அன்போடு கூப்பிட்டிருந்தார். ஆட்டத்தின் பெயர் தீன் பத்தி. ஆளுக்கு மூன்று சீட்டு. சீட்டைப் பார்க்காமலும் பந்தயம் கட்டலாம். ஆனால் பார்த்துவிட்டுக் கட்டுபவர் இரு மடங்கு வைக்க வேண்டும். என் சட்டைப்பையில் 200 ரூபாய் இருந்தது. பால்காரருக்கும், பையனின் பள்ளிக்கூட ரிக்ஷாவுக்கும் கொடுக்க வேண்டியதும் அதில் அடக்கம்.

இரவு பதினொரு மணி இருக்கும். எனக்கு இரண்டு ராணியும் ஓர் ஏழும் வந்தன. தீன் பத்தியில் ராணி ஜோடி நல்ல சீட்டு. மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகி, கடைசியில் நானும் லாலாஜியும் மட்டும் மிஞ்சினோம். அவர் தன் சீட்டைப் பார்க்கவே இல்லை. முன்னால் ஒரு கட்டு நோட்டு. சிரித்தபடியே ஐம்பது ரூபாயைத் தூக்கிப் போட்டார். ஆட்டத்தில் தொடர்வதற்குக்கூட நான் 100 ரூபாய் வைத்தாக வேண்டும். என்னிடம் மீதி இருந்தது 120. பால்காரர் முகம் கண்முன் வந்தது. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அதன் பிறகுதான் லாலாஜி தன் சீட்டைத் திருப்பினார். ஒன்பது, ஐந்து, இரண்டு. கூடமே சிரித்தது.

மாடிப்படி ஏறும்போது என் மனைவி கேட்டாள்: "ரெண்டு ராணியைக் கையிலே வச்சுக்கிட்டு எதுக்குங்க கீழே போட்டீங்க?"

அன்று என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைக்க இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. அதுவும் ஒரு சங்கடமான வழியில்தான் கிடைத்தது. 2020இல் கொரோனாக் காலத்தில், பூனாவில் வேலை பார்த்துவந்த என் மகன் வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை செய்துகொண்டிருந்தான். இரவுகளில் கைப்பேசியில் பணம் கட்டிப் போக்கர் ஆட ஆரம்பித்திருக்கிறான். எட்டு மாதத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. "அப்பா, இது சூதாட்டம் இல்லை, திறமை ஆட்டம்" என்றான். அவனோடு வாதாடுவதற்காகவே நான் அந்த ஆட்டத்தைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, லாலாஜி ஏன் ஜெயித்தார் என்பது புரிந்தது. மகன் ஏன் தோற்றான் என்பதும் புரிந்தது. வாசகர்களுடன் அதைப் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

போக்கர்: ஒரு சிறு அறிமுகம்

போக்கர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகள் வழியே பரவிய சீட்டாட்டம். இன்று அதிகம் ஆடப்படும் வகைக்கு டெக்சாஸ் ஹோல்டெம் என்று பெயர். ஆளுக்கு இரண்டு சீட்டு மட்டும் மூடிய நிலையில் தரப்படும். பிறகு மேஜை நடுவில் முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு யாருடைய சேர்க்கை பெரிது என்று பார்ப்பார்கள்.

சீட்டு திறக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. எதிராளி வைத்த தொகையை நாமும் வைக்கலாம். அதற்கு மேல் ஏற்றலாம். அல்லது சீட்டைக் கீழே போட்டு விலகலாம். எல்லோரும் விலகிவிட்டால் மிஞ்சியவர் சீட்டைக் காட்டாமலேயே நடுவில் சேர்ந்த தொகையை எடுத்துக்கொள்வார். ஆகவே இந்த ஆட்டத்தில் ஜெயிக்க இரண்டு வழிகள். ஒன்று, நல்ல சீட்டு. மற்றொன்று, எதிராளியை விலக வைப்பது. இரண்டாவதற்குச் சீட்டே தேவையில்லை.

பணத்துக்குப் பதில் சிப் எனப்படும் வட்ட வில்லைகளை வைத்து ஆடுவார்கள். சிப் என்றதும் நேந்திரங்காய் நினைவுக்கு வந்தால் அது என் குற்றமல்ல! பல நிறங்களில், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மதிப்பு. ஆட்டக்காரர்கள் அவற்றை முன்னால் அடுக்கி வைத்திருப்பார்கள். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சீட்டு மறைவு, குவியல் வெளிப்படை. இந்த ஆட்டத்தின் மனோதத்துவம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

பணக்காரர் விலை கொடுத்து வாங்கிவிட முடியாதா?

நம்மில் பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம் இது: "நிறைய வைத்திருப்பவர் பெரிய தொகையைப் போடுவார், இல்லாதவர் ஓட வேண்டியதுதான். இதில் என்ன மனோதத்துவம்?"

அப்படி நடக்காமலிருக்கப் போக்கரில் ஒரு விதி இருக்கிறது. மேஜை மீது இருப்பதைத்தான் பந்தயமாக வைக்க முடியும். எதிராளி 5,000 வில்லை வைக்கிறார், என்னிடம் 600தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் விலக வேண்டியதில்லை. என் 600ஐ முழுவதும் உள்ளே தள்ளிவிட்டுக் கடைசிச் சீட்டு வரை உட்கார்ந்திருக்கலாம். நான் ஜெயித்தால் எதிராளியின் 5,000இல் 600 மட்டுமே எனக்குச் சேரும். மற்றது அவருக்கே திரும்பிவிடும். என்னிடம் 600 இருக்கும்போது, அவரிடம் 1,000 இருந்தாலும் ஒரு லட்சம் இருந்தாலும் எங்கள் இருவருக்குள் நடப்பது 600 வில்லை ஆட்டம்தான்.

அப்படியானால் கணக்குப்படி, பெரிய குவியலில் என்னைவிட அதிகமாக இருக்கும் வில்லைகள் வெறும் அலங்காரம். ஒரு சீட்டைக்கூட அவை மாற்றுவதில்லை. இருந்தும் அனுபவப்பட்ட ஆட்டக்காரர்கள் எல்லோரும் பெரிய குவியல் பெரிய ஆயுதம் என்கிறார்கள். ஏன்? விடை வில்லைகளில் இல்லை, எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனத்தில் இருக்கிறது. குறிப்பாக, தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற போட்டி ஆட்டங்களில்.

வெளியேறினால் வெளியேறியதுதான்

போக்கர் போட்டிகளில் எல்லோரும் ஒரே கட்டணம் செலுத்தி, ஒரே அளவு வில்லைகளுடன் தொடங்குவார்கள். வில்லைகள் தீர்ந்தவர் வெளியே. நேரம் ஆக ஆகக் கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போகும் என்பதால் சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது. கடைசி வரை நிற்கும் சிலருக்கு மட்டும் பரிசு. இவற்றில் புகழ்பெற்றது அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் 1970இல் தொடங்கிய உலகப் போக்கர் தொடர். அதன் முக்கியப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர்.

இப்போது ஒரு சிறு கணக்கு. பத்துப் பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் கட்டி, ஆளுக்கு 1,000 வில்லை வாங்கி ஆடுகிறார்கள். பரிசு 5,000, 3,000, 2,000 ரூபாய். இறுதியில் முதல் பரிசு பெறுபவரிடம் 10,000 வில்லைகளும் சேர்ந்திருக்கும். ஆனால் அவர் கைக்கு வருவது 5,000 ரூபாய்தான். தொடக்கத்தில் ஒரு வில்லை ஒரு ரூபாய். எல்லாவற்றையும் சேர்த்தவரிடம் ஒரு வில்லை அரை ரூபாய்! அதாவது வில்லை சேரச் சேர அதன் மதிப்பு குறைகிறது. திருப்பிச் சொன்னால், நாம் இழக்கும் வில்லையின் மதிப்பு, அதே எண்ணிக்கையில் ஜெயிக்கும் வில்லையின் மதிப்பைவிட அதிகம்.

ஆறு பேர் வெளியேறிவிட்டார்கள், நான்கு பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவரிடம் 5,000 வில்லை. இரண்டாமவரிடம் 2,200. மூன்றாமவரிடம் 2,000. நான்காமவரிடம் 800. இன்னும் ஒருவர் வெளியேறினால் மற்ற மூவருக்கும் பரிசு நிச்சயம். முதலாமவர் இரண்டாமவரைப் பார்த்து, "உங்களிடம் இருப்பது முழுவதற்கும் பந்தயம்" என்கிறார். இரண்டாமவர் கையில் பத்துக்கு ஆறு முறை ஜெயிக்கக்கூடிய சீட்டு. என்ன செய்வார்?

முதலாமவர் தோற்றால் 2,800 வில்லையோடு ஆட்டத்தில் தொடர்வார். இரண்டாமவர் தோற்றால் ஒரு பைசா இல்லாமல் வீட்டுக்குப் போவார். அதுவும் 800 வில்லையுடன் தள்ளாடும் நான்காமவர் அடுத்த சில நிமிடங்களில் விழுந்துவிடக்கூடிய நேரத்தில். சற்றுப் பொறுத்தால் 2,000 ரூபாயாவது கிடைக்குமே! பெரும்பாலும் அவர் சீட்டைக் கீழே போடுவார். அது கோழைத்தனமும் அல்ல, பல சமயம் அதுதான் சரியான கணக்கு. இது முதலாமவருக்கும் தெரியும் என்பதுதான் விஷயம். தெரிந்துதான் அவர் கையில் ஒன்றுமே இல்லாமல் அப்படிப் பந்தயம் கட்டுகிறார்.

பயத்தின் விலை

இந்த வெற்று மிரட்டல் எவ்வளவு லாபம் தரும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். நடுவில் 1,000 வில்லை சேர்ந்திருக்கிறது. நான் கையில் ஒன்றுமில்லாமல் 2,000 வில்லையைத் தள்ளுகிறேன். எதிராளி விலகினால் எனக்கு 1,000 லாபம். விலகாவிட்டால் 2,000 நஷ்டம். மூன்று முறைக்கு இரண்டு முறை அவர் விலகினால் எனக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நான்கு முறைக்கு மூன்று முறை விலகினால்? மூவாயிரம் வரவு, இரண்டாயிரம் செலவு. ஆயிரம் வில்லை லாபம். அதாவது எதிராளியின் பயம் சற்றே கூடினால் போதும், வெறுங்கை முழம் போட ஆரம்பித்துவிடும்.

அந்தப் பயம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும் என்கிறது மனோதத்துவம். டேனியல் கானமன், ஏமாஸ் டிவெர்ஸ்கி என்ற இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வு பொருளாதாரச் சிந்தனையையே மாற்றியது. நூறு ரூபாய் கிடைத்தால் வரும் மகிழ்ச்சியைவிட, நூறு ரூபாய் தொலைந்தால் வரும் வருத்தம் பெரிது என்பது அதில் ஒரு முக்கியக் கருத்து. வருத்தம் ஏறத்தாழ இரு மடங்கு என்று பின்னர் அவர்களே மதிப்பிட்டார்கள். கானமனுக்கு 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. டிவெர்ஸ்கி 1996இலேயே காலமாகிவிட்டார். நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இந்த உண்மை நோபல் பரிசு இல்லாமலே தெரியும். நகை வாங்கிய நாளை அவர்கள் மறந்திருப்பார்கள், அடகு வைத்த நாளை மறந்திருக்க மாட்டார்கள்.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் 2003ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்காளர் ஒருவர், நூறு டாலருக்கும் குறைவான கட்டணத்தில் இணைய ஆட்டம் ஒன்றில் ஜெயித்து முக்கியப் போட்டிக்குள் நுழைந்தார். அவர் பெயர் கிரிஸ் மணிமேக்கர். வேடிக்கையல்ல, உண்மையான குடும்பப் பெயரே அதுதான். 839 பேர் ஆடிய போட்டியில் கடைசியாக அவரும், அனுபவசாலியான சாமி ஃபர்ஹாவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒரு கட்டத்தில் மணிமேக்கர் தன் வில்லைகள் முழுவதையும் உள்ளே தள்ளினார். கையில் ஒரு ராஜாவைத் தவிர எதுவும் இல்லை, ஒரு ஜோடி கூட இல்லை. ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது. ஈடு கட்டியிருந்தால் ஃபர்ஹாதான் ஜெயித்திருப்பார். ஆனால் தவறினால் போட்டியே முடிந்துவிடும். வெகுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டைக் கீழே போட்டார். சற்று நேரத்தில் மணிமேக்கர் 25 லட்சம் டாலர் பரிசை வென்றார். இரண்டு ராணியைக் கீழே போட்ட எனக்கு ஃபர்ஹா மேல் அனுதாபம் பொங்கியது.

நடுவில் இருப்பவர் பாடு

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. பெரிய குவியலைக் கண்டு அதிகம் பயப்படுபவர் யார்? மிகச் சிறிய குவியல் வைத்திருப்பவர் என்றுதான் நாம் நினைப்போம். அதுதான் இல்லை.

நம் உதாரணத்தில் 800 வில்லை வைத்திருக்கும் நான்காமவரை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாயப் பந்தயமே சிறிது நேரத்தில் அவரை விழுங்கிவிடும். காத்திருந்து பயனில்லை என்பதால் ஓரளவு நல்ல சீட்டு வந்ததும் முழுவதையும் தள்ளிவிடுவார். தள்ளிய பிறகு அவரை யாரும் மிரட்ட முடியாது, ஏனென்றால் எடுத்துக்கொள்ள இனி ஒன்றும் இல்லை. அவரிடம் வெற்று மிரட்டல் பலிக்காது என்பது பெரிய குவியல்காரருக்கும் தெரியும்.

மிரட்டலுக்கு ஆளாகிறவர்கள் இரண்டாமவரும் மூன்றாமவரும்தான். இழக்கும் அளவுக்கு அவர்களிடம் ஏதோ இருக்கிறது. இழந்தால் தாங்கும் அளவுக்கு இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் கரை சேரலாம் என்ற ஆசையும் இருக்கிறது. ஆகவே நல்ல சீட்டைக்கூடக் கீழே போடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சிறு சிறு தொகையாக அவர்களிடமிருந்து பெரிய குவியலுக்குப் போய்ச் சேருகிறது. போக்கர் தெரிந்தவர்கள் பரிசுக்குச் சற்று முந்தைய இந்தக் கட்டத்தில், பெரிய குவியல் இருந்தால் நடுத்தரக் குவியல்களைத்தான் குறிவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

இதைப் படித்தபோது, ஊரை விட்டு ஊர் வந்து, மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டி, ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் பணம் அனுப்பும் நம் போன்ற குடும்பங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

குவியலின் பலவீனம்

இவ்வளவு சொன்னதால் பெரிய குவியல் வைத்திருப்பவர் எப்போதும் ஜெயிப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். 2006இல் ஜேமி கோல்ட் என்பவர் 8,773 பேர் ஆடிய போட்டியில் நான்காம் நாள் முன்னிலை பெற்றார். கடைசி வரை அதை விடவில்லை. எதிராளிகளிடம் ஓயாமல் பேசிப் பேசியே அவர்களைக் குழப்பி 1 கோடியே 20 லட்சம் டாலர் வென்றார். ஆனால் அப்படி முன்னிலை பெற்ற எத்தனையோ பேர், ஒரே இரவில் எல்லாவற்றையும் தொலைத்திருக்கிறார்கள்.

காரணம், குவியல் அதை வைத்திருப்பவரின் மனத்தையும் மாற்றுகிறது. ரிச்சர்ட் தேலர், எரிக் ஜான்சன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1990இல் ஒரு விஷயத்தை எடுத்துக்காட்டினார்கள். இப்போதுதான் ஜெயித்த பணத்தை மனிதர்கள் தம் சொந்தப் பணமாகவே நினைப்பதில்லை. வந்த பணம்தானே, போனால் போகட்டும் என்று, வழக்கத்தைவிட அதிகத் துணிச்சலுடன் செலவிடுகிறார்கள். போக்கரில் இது அடிக்கடி நடக்கும். மிரட்டியே பழகியவர், ஒரு நாள் உண்மையிலேயே நல்ல சீட்டு வைத்திருப்பவரிடம் மிரட்டிப் பார்ப்பார். எதிராளியின் பயத்தைத் தன் திறமை என்று நினைத்துக்கொள்வதுதான் பெரிய குவியலுக்கு வரும் நோய்.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. 1982இல் ஜாக் ஸ்ட்ராஸ் என்ற ஆட்டக்காரர் முக்கியப் போட்டியில் எல்லாவற்றையும் இழந்துவிட்டதாக நினைத்து எழுந்தபோது, 500 மதிப்புள்ள ஒரே ஒரு வில்லை மட்டும் கண்ணில் பட்டதாம். அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், கடைசியில் போட்டியையே வென்றார். "ஒரு வில்லையும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும்" என்று போக்கர் மேஜைகளில் இன்றும் சொல்வது அவரை வைத்துத்தான். இப்படி நடப்பது அபூர்வம் என்பதால்தான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

பழைய கணக்கு ஒன்று

பயமே இல்லாத இருவர் ஆடினால்? அப்போதும் குவியலுக்கு ஒரு வேலை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல், ஹைகன்ஸ் போன்ற கணித மேதைகள் இதை ஆராய்ந்தார்கள். ஒருவரிடம் 90 ரூபாய், மற்றவரிடம் 10 ரூபாய். நாணயத்தைச் சுண்டி ஒவ்வொரு முறையும் ஒரு ரூபாய் பந்தயம். யாராவது ஒருவர் ஓட்டாண்டி ஆகும் வரை ஆட வேண்டும். நாணயத்தில் எந்த வஞ்சகமும் இல்லை. இருந்தும் 10 ரூபாய்க்காரர் ஓட்டாண்டியாகும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு!

பணக்காரருக்கு இதில் சராசரி லாபம் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறு முறை பத்து ரூபாய் ஜெயிப்பார், பத்து முறை தொண்ணூறு ரூபாய் தோற்பார். இரண்டும் சரியாகிவிடும். குவியல் அவருக்கு வாங்கிக் கொடுத்தது அவகாசம். கெட்ட நேரத்தைத் தாண்டி நிற்கும் அவகாசம். 10 ரூபாய்க்காரருக்கு அந்த அவகாசம் இல்லை.

மகாபாரதத்துச் சூதாட்டத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். தருமன் தானே ஆடினான், தன் பொருளையே வைத்தான். எதிரே காய் உருட்டியது சகுனி. பந்தயப் பொருள் வைத்ததோ துரியோதனன். ஆடுகிறவனுக்கு இழக்க ஒன்றும் இல்லை, அதனால் அவன் கை நடுங்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒருவர் ஆட மற்றவர் பொருள் வைப்பது முறையல்ல என்று தருமன் முதலிலேயே ஆட்சேபித்தான். ஆனாலும் உட்கார்ந்தான்.

வில்லையிலிருந்து வீட்டுக்கு

கையில் இருப்பு குறைந்தால் மனம் குறுகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 2013இல் வெளியிட்டது. 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன்பு ஒரு முறையும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு ஒரு முறையும் சோதித்தார்கள். சிறு புதிர்கள் கொடுத்து விடை காணச் சொன்னார்கள். அதே மனிதர்கள்தான். ஆனால் கையில் பணம் இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அவர்களுடைய மதிப்பெண் குறைந்திருந்தது. அவர்கள் அறிவு குறைந்துவிடவில்லை. கடன் கவலை மனத்தின் பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்டது என்பது ஆய்வாளர்கள் கூறிய விளக்கம். ஆய்வு முறை பற்றிப் பிறகு சிலர் கேள்வி எழுப்பினார்கள் என்றாலும், மாதக் கடைசியை அறிந்த எந்தக் குடும்பத்துக்கும் இது புதிய செய்தி அல்ல.

1998இல் எங்கள் வீட்டுக்காரர் திடீரென்று வாடகையை ஏற்றச் சொன்னார். இல்லையென்றால் அடுத்த மாதம் காலி செய்யுங்கள் என்றார். அதே தெருவில் அதைவிடக் குறைந்த வாடகைக்கு வீடு கிடைக்கும் என்று தெரிந்தும் நான் தலையாட்டினேன். புது வீட்டுக்கு முன்பணம் கொடுக்கக் கையில் பணம் இல்லை. கையில் ராணி ஜோடி, எதிரே ஒன்பது, ஐந்து, இரண்டு. அதே கதைதான்! அதன் பிறகு என் மனைவி ஒரு காரியம் செய்தாள். ஆறு மாதச் செலவுக்கான தொகை சேரும் வரை வீட்டில் புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தாள். இரண்டரை ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிறகு வந்த எந்தப் பேச்சுவார்த்தையிலும், வீடானாலும் வேலையானாலும், "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லும் தைரியம் எனக்கு இருந்தது. அந்தத் தொகையை நாங்கள் தொடவே இல்லை. அது வங்கியில் இருந்ததே போதுமானதாக இருந்தது.

வள்ளுவர் பொருள் செயல்வகை அதிகாரத்தில் இதைத்தான் சொல்கிறார். தன் கைப்பொருளோடு ஒரு காரியத்தில் இறங்குகிறவன், மலை மேல் பத்திரமாக நின்றுகொண்டு கீழே யானைகள் மோதுவதை வேடிக்கை பார்ப்பவனுக்குச் சமம் என்கிறார். அதே வள்ளுவர் சூதுக்கென்று தனி அதிகாரம் வகுத்து எச்சரித்ததையும் மறக்கக் கூடாது.

அந்த எச்சரிக்கைக்கு இன்று கூடுதல் காரணம் உண்டு. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் எதிராளிகள் அல்ல. ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் சேரும் தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும். அது எந்தச் சீட்டையும் ஆடுவதில்லை, எந்த ஆட்டத்திலும் தோற்பதில்லை. மேஜையில் இருக்கும் எல்லோருடைய குவியலும் மெல்ல மெல்ல அதன் பக்கம் நகரும். 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம், திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பேதமே இல்லாமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே எத்தனையோ வீடுகளில் நஷ்டம் வந்துவிட்டது.

என் மகனோடு நான் கடைசியில் வாதாடவில்லை. இருவரும் உட்கார்ந்து, மேலே சொன்ன கணக்குகளைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். "போக்கரில் திறமை உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ எந்தப் பணத்தை வைத்து ஆடினாய்?" என்று கேட்டேன். சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, "அடுத்த மாச வாடகைப் பணம்பா" என்றான். "அப்படின்னா எதிரே இருக்கிறவன் மிரட்டினா நீ பயந்துதானே ஆகணும்? திறமை எங்கேடா வேலை செய்யும்?" என்றேன். அன்றைக்கு அந்தச் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினான். கடனை அடைக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

இப்போதும் தீபாவளி இரவில் எங்கள் வீட்டில் தீன் பத்தி உண்டு. ஆளுக்கு ஐம்பது வேர்க்கடலை. அவ்வளவுதான் பந்தயம். சென்ற முறை என் பேத்தியின் முன்னால் கடலை மலைபோலக் குவிந்துவிட்டது. எட்டு வயதுப் பெண், முதுகை நிமிர்த்திக்கொண்டு, சீட்டைப் பார்க்காமலே, "தாத்தா, இருபது!" என்றாள். என்னிடம் இருந்தது பன்னிரண்டு கடலை. வெறும் கடலைதான் என்று தெரிந்தும் ஒரு கணம் கை தயங்கியது. பக்கத்தில் இருந்த என் மனைவி, "இந்தத் தடவையாவது போடுங்க" என்றாள். பன்னிரண்டையும் உள்ளே தள்ளினேன்.

தோற்றுவிட்டேன். ஆனால் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். இழந்தால் தூக்கம் கெடாத அளவுக்கு மட்டும் பந்தயம் வைப்பதுதான் சாமானியனின் பெரிய குவியல்.